செவ்வாய்க்குப் பக்கத்தில் விட்டுப்போன சொல்

நாளை முதல் அந்தக் கூடாரத்துக்குள் தவழப்போகிற உங்களுக்கு,

எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறேன். சிரிக்காதீர்கள். நடமாடும் கோளரங்கத்தில் ஆறு வருஷம் விளக்குநராக இருந்தவளின் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள், பென்ஷன் கேட்கும். காற்றடைத்த ஒரு கறுப்புக் கூடாரம். அதற்குள் நுழைய ஒரு துணிக் குகை. ஒரு நாளைக்கு ஆறு தடவை தவழ்ந்து உள்ளே போய், முப்பது பேருக்கு வானத்தைக் காட்டிவிட்டு, தவழ்ந்தே வெளியே வரவேண்டும். பிரபஞ்சத்தை இவ்வளவு பணிவோடு அணுகும் உத்தியோகம் வேறு கிடையாது. டெல்லிப் பிள்ளைகள் அந்தக் கூடாரத்துக்கு வைத்திருக்கும் பெயர் பெரிய மோமோ, தெருவில் விற்கும் அந்த ஆவிக் கொழுக்கட்டைதான். நீங்கள் மோமோ சார், மோமோ மேடம். பழகிக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டரை எப்படிப் பொருத்துவது, காற்றூதியை எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் இரண்டு நாளில் கற்றுக்கொள்வீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. எதிரே நாற்பது பேர் உங்களை நம்பி நிற்கும்போது தப்பு உங்களுடையது என்று உங்களுக்கு மட்டும் தெரியவரும் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்துக்கு இந்த அலுவலகத்தில் பயிற்சி கிடையாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம்மிடம் இருக்கும் காட்சிகளில் அதிகம் ஓடுவது எது என்று உங்களுக்கே தெரியும். மனிதன் செவ்வாய் கிரகத்தில் குடியேற முடியுமா? இருபது நிமிடம், முடிவில் எழுச்சியான இசை. நான் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். செவ்வாய்க்குப் போகிற முதல் கூட்டத்தில் எனக்கு இடம் உண்டு என்று பதினான்கு வயதிலிருந்து நம்பியவள் நான். கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒரு செக்ஷன் ஆபீசருக்குப் பிறந்தவள் வேறெங்கே போக ஆசைப்படுவாள்? அது போக, என் ஜாதகத்தில் செவ்வாய் ஏழாமிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் அங்கே குடியேறும் முன் அது இங்கே குடியேறிவிட்டது.

ஒரு நாள் சார் (நம் தலைமைதான், வேறு எந்த சார்?) என்னைக் கூப்பிட்டார். நகரத்தில் ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரமாக, நாலா என்பார்களே, ஒரு தமிழ்க் குடிசைப் பகுதி இருந்தது. அங்கே அடுத்த செவ்வாய்க்கிழமை காட்சி. தாய்மொழியில் அறிவியல் என்று ஒரு திட்டம். பணம் கொடுக்கிறவர்களின் பிரதிநிதி ஒருவர் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வருவார். "நீ தமிழ்தானே? நோட்டீசை நீயே எழுதிவிடு," என்றார். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதை அவர் நினைவூட்டவில்லை. காலண்டரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் தமிழ் பேசுவேன். எழுதுவது என்றால் கைபேசியிடம் பேசி அதை எழுதச் சொல்வேன். படிப்பது, இனிப்புக் கடை பெயர்ப்பலகை அளவுக்கு. ஆனால் அந்த நோட்டீசை நன்றாகத்தான் எழுதியிருந்தேன். "செவ்வாய் கிரகக் குடியேற்றம்" என்று தலைப்பு. வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் திருநெல்வேலி அம்மாவை விட்டுப் போகவில்லை.

"ஏட்டி, என்னத்த எழுதிவச்சிருக்க? நல்ல காரியத்துக்கு ஆள் கூப்பிடுதப்போ கிரகம்னா எழுதுவாவ? எங்க கிரகம்னு தலையில அடிச்சிக்கிட்டு போயிருவாவ."

"அம்மா, கிரகம்னா பிளானட்."

"ஒனக்கு பிளானட். கேக்குதவனுக்கு பீடை."

யோசித்தேன். அந்தச் சொல் வேறு நீளமாக இருந்து தலைப்பை இரண்டு வரியாக்கி அழகைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். செவ்வாய் என்றால் யாருக்குத் தெரியாது?

ஒட்டப்பட்ட நோட்டீஸ் கடைசியில் இப்படி இருந்தது. மேலே நம் நிறுவனத்தின் வட்ட முத்திரை. அதன் கீழே பெரிய எழுத்தில்: செவ்வாய் குடியேற்றம். அதன் கீழே: குடும்பத்தோடு வாருங்கள். பெயர்களைப் பதிவு செய்யுங்கள். இடங்கள் குறைவு. அனுமதி இலவசம். அடியில்: செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, கோயில் திடல். நடுவில் சிவப்பு மண்ணில் வரிசையாக வட்ட வீடுகள் இருக்கிற படம். அலுவலகத்தில் வண்ண மை தீர்ந்திருந்ததால் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தோம். சிவப்புக் கோள் காணாமல் போய், வரிசையாக வீடுகள் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தன.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் வேன் கோயில் திடலுக்குள் நுழைந்தது. வேனின் இரண்டு பக்கமும் இந்தியில் "சலோ மங்கல்", செவ்வாய்க்குப் போவோம் என்று பெரிதாக எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டி வந்தவர் ராம்பால் பையா. திடலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெரியவர்கள். வேட்டி, இஸ்திரி போட்ட சேலை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை.

"மேடம், சயின்ஸ் கே லியே இத்னீ பீட்?" என்றார் ராம்பால் பையா. அறிவியலுக்கு இவ்வளவு கூட்டமா என்கிறார். அவர் பதினைந்து வருஷமாக இந்த வேனை ஓட்டுகிறார். சந்தேகப்பட அவருக்கு உரிமை இருந்தது. எனக்கோ கண்ணில் நீர் வராத குறை. ஓடிப்போய் மேசை போட்டு, பதிவேட்டைத் திறந்து, பெயரும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் எழுத ஆரம்பித்தேன். கூடாரத்துக்குள் ஒரு தடவைக்கு முப்பது பேர்தான் கொள்ளும் என்பதால் அந்தக் கணக்கு. அவர்களுக்கு அது வேறு கணக்கு.

வரிசையில் முதல் ஆள் செல்வி அக்கா. நாற்பது வயதிருக்கும். நாலு வீட்டில் சமையல் வேலை. அன்றைக்கு நாலு வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். விழுப்புரம் பக்கத்துத் தமிழ்.

"பாப்பா, நீதான் ஆபீசரா? சின்னப் பொண்ணாகீற. செரி, எத்தினாவது மாடி குடுப்பீங்க?"

நான் அசந்துபோனேன். குடியேற்ற அமைப்பைப் பற்றி முதல் கேள்வியிலேயே கேட்கிறாரே! "மாடி இல்லக்கா. ஆரம்பத்துல தரைக்கு அடியிலதான் இருக்கணும். மேல காத்தே கிடையாது, ஒண்ணும் மொளைக்காது, உடம்புக்கு ஆகாது."

"அடியிலயா? மழைக்கு தண்ணி பூந்துக்குமே."

"அங்க மழையே கிடையாதுக்கா."

"அச்சா." கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. "தண்ணி?"

"ஐஸா இருக்கு. தோண்டி எடுத்து உருக்கிக்கணும்."

"டேங்கர் வராதா?"

பின்னாலிருந்து ஒருவர், "டேங்கரே இங்கயே வரல, அங்க வருதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன ஒரு பார்வையாளர் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எவ்ளோ நாளாவும் பாப்பா?"

"ஆறேழு மாசம்."

"ஆறேழு மாசந்தானா! போன தபா வந்த ஆளு ரெண்டு வருஷம்னான்." திரும்பி வரிசைக்குச் சேதி சொன்னார். வரிசை முழுக்க ஒரு மகிழ்ச்சி அலை ஓடியது. "போய்ட்டா திரும்பி இங்க வர முடியாது, இல்ல?"

"இப்போதைக்கு முடியாதுக்கா. போனா போனதுதான்."

"அதான் எல்லாரும் சொல்றாங்க," என்று பெருமூச்சு விட்டார். பிறகு உறையைத் திறந்து காகிதங்களை என் மேசைமேல் பரப்பினார். "இந்தா. மூணு காகஸ், மூணு பேரு. ரேஷன் கார்டுல செல்வி. கரண்ட் பில்லுல சில்வி. இன்னொண்ணுல ஷெல்லின்னு போட்டுட்டான். மூணும் நான்தான். லிஸ்டுல என் பேரு வராததுக்கு இதான் காரணம்னாங்க. இங்கயே குடுத்துட்டா போதும் இல்ல? அந்த ஆபீசுக்கு போவ வேணாமில்ல?"

காகிதங்களுக்கு நடுவே மடித்த ஒரு நோட்டீஸ் இருந்தது. இந்தியில். அவருக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. எனக்குத் தமிழைவிட வேகமாகப் படிக்க வருகிற மொழி அது. குடிசைகள் அகற்றப்படும். பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு நகர எல்லையில் அடுக்குமாடி வீடு. பெயர் விடுபட்டவர்கள் அசல் ஆவணங்களோடு நேரில் வந்து ஆட்சேபணை மனு கொடுக்கவேண்டும். கடைசி நாள், வரும் மங்கல்வார். மாலை நான்கு மணி.

மங்கல்வார் என்றால் செவ்வாய். அன்றைக்குத்தான்.

ஊரில் யாருக்கும் படிக்க வராத இந்தி நோட்டீசுக்கு மேல், எல்லோருக்கும் படிக்க வந்த தமிழ் நோட்டீஸ் ஒன்று, அதே செவ்வாய், முத்திரையோடு, வீட்டுப் படத்தோடு, பெயர் கொடுங்கள், இடங்கள் குறைவு என்று. ஆபீசே இங்கே வருகிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எந்த ஊரும் அப்படித்தான் முடிவு செய்யும்.

தம்பிகளா, தங்கைகளா, அப்போது நான் முதலில் செய்ய நினைத்தது எது என்று சொல்லிவிடுகிறேன். சமாளிக்க நினைத்தேன். "சின்ன மாற்றம், இங்கே முடிந்ததும் அங்கேயும் போய்விடுங்கள்," என்று சொல்லலாம். பன்னிரண்டு மணி விருந்தினர் நிறைந்த கூடாரத்தைப் பார்ப்பார், என் ஒப்பந்தம் நீளும், அவர்களும் எப்படியாவது நான்கு மணிக்குள் போய்ச் சேருவார்கள். வாக்கியம் வாய் வரை வந்துவிட்டது. ராம்பால் பையா என் தோளுக்கு மேலாக அந்த நோட்டீசைப் படித்துவிட்டு, "சச் போல் தோ, மேடம். ஜல்தி," என்றார். உண்மையைச் சொல்லுங்கள், சீக்கிரம்.

காற்றூதியை நிறுத்தச் சொன்னேன். பாதி எழும்பிய மோமோ பெருமூச்சு விட்டுக்கொண்டே தரையில் படுத்தது. அந்த அமைதியில் மேசைமேல் ஏறி நின்றேன்.

"இது வீடு குடுக்குற இடம் இல்ல. நாங்க வானத்தைக் காட்ட வந்தவங்க. அந்த நோட்டீஸ்ல இருக்குறது செவ்வாய்க்கிழமை இல்ல, செவ்வாய் கிரகம். கிரகம்ங்குற வார்த்தைய நான் விட்டுட்டேன். தப்பு என்னோடது."

ஒவ்வொருவராகக் காகிதங்களை உறைக்குள் திணித்தார்கள். பிறகு வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்: "நீ இன்னாத்துக்கு எழுதணும்? கிரகம்தான் எங்கள ஏற்கெனவே புட்சிகினு இருக்குதே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. செல்வி அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆறேழு மாசம்னியே?"

"அது ராக்கெட்டுல போறதுக்குக்கா."

"ராக்கெட்டு." அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "பஸ்ஸுலயே நிக்கதான் எடம் கெடைக்குது. எறங்கு கீழ."

இறங்கினேன்.

நம் தொழிலில் ஏவுசாளரம் என்று ஒன்று சொல்வோம். பூமியும் செவ்வாயும் வசதியாக நிற்கிற சில வாரங்களில் கிளம்பினால்தான் போய்ச் சேரலாம். தவறவிட்டால் அடுத்த சாளரத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். காட்சியில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், கொட்டாவி வருகிற பகுதி அது. அன்றைக்கு மணி பத்தரை. எங்கள் சாளரம் நான்கு மணிக்கு மூடும். அதற்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். அடுத்த சாளரம் கிடையாது.

நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேரின் பெயர் பட்டியலில் இருந்தது. பயத்தில் இங்கேயும் ஒரு தடவை கொடுத்துவைப்போம் என்று வந்தவர்கள். பெயர் இல்லாதவர்கள் எட்டுப் பேர். புரொஜெக்டரையும் காற்றூதியையும் கோயில் பிரகாரத்தில் இறக்கி, எட்டுப் பேரையும் வேனில் ஏற்றினோம். கூடாரத்துக்குக் காவலாக, என்னைத் திட்டிய அந்தக் குரல்காரரே உட்கார்ந்துகொண்டார்.

வண்டியில் நான் செய்தது ஒன்றுதான். பதிவேட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்து ஒவ்வொருவருக்கும் இந்தியில் மனு எழுதினேன். செல்வியும் சில்வியும் ஷெல்லியும் ஒரே ஆள் என்று எழுதும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னலில் வண்டி அசையாமல் நின்றது. கைபேசி அடித்தது. சார்.

"எங்கே இருக்கிறாய்? விருந்தினர் கிளம்பிவிட்டார்."

"ஐ.என்.ஏ.யில் சார். காட்சி இல்லை. எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்."

"எங்கே?"

எப்படிச் சொல்வது? "வீடு கேட்க, சார்," என்றேன். நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "வேனில் என்ன எழுதியிருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அது கோபமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அலுவலகத்தில் முதலில் நகல் வேண்டும் என்றார்கள். பிறகு சாப்பாட்டு நேரம் என்றார்கள். பிறகு இரண்டு நகல் என்றார்கள். மூன்றே முக்காலுக்குச் செல்வி அக்கா சன்னலை அடைந்தார். குமாஸ்தா மூன்று காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்மேம் சே ஆப் கௌன் ஹைம்?" இதில் நீங்கள் யார்?

"தீனோம்," என்றார் செல்வி அக்கா. மூன்று பேரும். இருபத்திரண்டு வருஷம் அந்த நாலா ஓரத்தில் இருந்தவர் அவர். இல்லை என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் நாளைக்கு அவருக்கு எங்கேயும் வீடில்லை.

குமாஸ்தா என் மனுவைப் படித்தார். சன்னல் வழியாக வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். "சலோ மங்கல்? ஆஜ் தோ மங்கல் ஹீ ஹை," என்றார். இன்றைக்கே செவ்வாய்தானே, எங்கே போவது? தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்துபோய், முத்திரையை எடுத்துக் குத்தினார்.

ஏழு பேருக்கு முத்திரை விழுந்தது. எட்டாவது ஆளான இஸ்திரிக்கடை முருகேசன் அண்ணன் அசலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கிளம்பும் அவசரத்தில் நானும் சரிபார்க்கவில்லை. திடலுக்கு நகல் போதும் என்று நினைத்தாராம். அசல் கேட்டால், கோயில் திடல்தானே, ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாம் என்று. சன்னல் மூடிவிட்டது. மறுநாள் அந்த அலுவலகத்துக்கு, அவருடைய தாமதத்துக்குக் காரணம் எங்கள் நோட்டீசில் நேர்ந்த பிழை என்று நிறுவனத் தாளில் கடிதம் எழுதி சாரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டால் தப்பு நிறுவனத்தின் தப்பாகிவிடும். அவர் இரண்டு தடவை படித்தார். "கிரகம் என்று எழுதியிருந்தால் ஓர் அங்குலம் செலவாகியிருக்குமா?" என்று கேட்டார். போட்டுக்கொடுத்தார். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. முருகேசன் அண்ணன் இப்போது மச்சான் வீட்டு மாடியில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை அந்த அலுவலகத்துக்கு நானும் அவரும் போகிறோம். ஓய்வு பெற்ற பிறகும் போவேன்.

என் ஒப்பந்தம் நீண்டது. விருந்தினரிடம் சார் என்ன சொன்னாரோ. அதற்குப் பிறகு நான் காட்சியின் முடிவை மாற்றிவிட்டேன். எழுச்சியான இசை இருந்த இடத்தில் செல்வி அக்காவின் கேள்விகளை வைத்தேன். தண்ணீர் யார் கொண்டுவருவது? எத்தனாவது மாடி? திரும்பி வரலாமா? பட்டியலில் யார் பெயர் இருக்கும், யார் எழுதுவார்கள்? பிள்ளைகள் இசைக்கு எழுந்து போய்விடுவார்கள். இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். மனிதன் செவ்வாய்க்குப் போவான், நான் இன்னும் நம்புகிறேன். போய்ச் சேர்வதை ராக்கெட்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே இரண்டாவது வாரம் காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே நிற்பது என்பதை யாராவது யோசித்திருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் அந்தக் காட்சியை ஓட்டும்போது முடிவை மறுபடி மாற்றலாம். நோட்டீஸ் மட்டும் எழுதினால், அதை வாசிக்கப்போகிறவர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அம்மாவிடம் இல்லை.

போன மாதம் செல்வி அக்கா கூப்பிட்டார்.

"பாப்பா, வூடு வந்துட்ச்சி. ஞாயித்துக்கெழம கிரகப்பிரவேசம். கிரகம்னு சொல்லிட்டேன், கேட்டுக்கினியா? அப்பால செவ்வாக்கெழம வந்து நிக்காத."

போனேன். மெட்ரோ முடிந்து, பஸ் முடிந்து, ஷேர் ஆட்டோவும் ஓரிடத்தில் முடிந்து, மீதியை நடந்தேன். வெட்டவெளியில் வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள், ஒரு மரம் இல்லை, செங்கல் சூளைத் தூசி. என் நோட்டீசில் இருந்த படம்தான், இப்போது சிவப்போடு. நான்காவது மாடி. கதவில் சாக்பீஸால், தமிழில், செல்வி என்று தெளிவாக எழுதியிருந்தது.

"படியேறியா வந்த? லிஃப்ட் கீதே. கரண்ட் வரும்போது." தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வேலை செய்த நாலு வீட்டில் இரண்டை விட்டுவிட்டாராம், தூரம். "அன்னிக்கி நீ ஒரு பொய்யும் சொல்லல பாப்பா. தண்ணி இல்ல, வெளிய ஒண்ணும் மொளைக்கல, போய்ச்சேர ஒரு யுகம் ஆவுது. திரும்பிப் போவ முடியாது, அங்க இடிச்சிட்டாங்க. எல்லாம் நீ சொன்னதுதான். ஒண்ணு தவிர."

"என்னதுக்கா?"

"இங்க காத்து கீது."

எழுந்து போய் சன்னலைப் பெருமையாகத் திறந்தார். தூசி ஒரு கை அளவு உள்ளே வந்து தேநீரில் விழுந்தது. செல்வி அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினார்.

"பாதிக்கு கீது," என்றார்.